ஓ.பி. சீட்டில் நடைக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை நோயாளியின் கையில் இருக்கும் ஓ.பி. சீட்டை வாங்கிப் பாருங்கள். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின், 30 நாள் என்று தெளிவாக எழுதியிருக்கும். உடற்பயிற்சியைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. எழுந்து போகும்போது "நல்லா நடங்க" என்று சொல்லி அனுப்புவதோடு சரி. எவ்வளவு நேரம், எந்த வேகத்தில், சாப்பிடும் முன்பா பின்பா, எப்போது நடக்கவே கூடாது என்பதெல்லாம் நோயாளியின் ஊகத்துக்கே விடப்படுகிறது.

நடையின் பலனுக்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களைச் சென்னை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். அப்படியிருந்தும் ஒன்றைத்தான் எழுதித் தருகிறோம்.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இதை மருத்துவரே கேட்க வேண்டும் என்பதில்லை. பி.பி. பார்ப்பதற்கு முன் நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். அப்படி உட்கார வைப்பதற்கு முன்பே ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம். வாரத்தில் எத்தனை நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கிறீர்கள் அல்லது வேலை செய்கிறீர்கள்? அந்த நாளில் எத்தனை நிமிடம்? இரண்டையும் பெருக்கி, பி.பி. அளவுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். "வீட்டு வேலையே சரியா இருக்கு" என்று பதில் வந்தால் விட்டுவிடக் கூடாது. தூரத்திலிருந்து தண்ணீர் சுமப்பதும் வயலில் களை வெட்டுவதும் கணக்கில் சேரும். அடுப்படியில் நிற்பது சேராது. நாள் முழுக்க வயலில் உழைப்பவரிடம் போய் வாக்கிங் போகச் சொல்வதும் வீண்தான்.

எண் குறைவாக இருந்தால் சீட்டில் எழுத வேண்டும். நடைப் பழக்கமே இல்லாதவருக்கு "காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம்" என்பது நல்ல தொடக்கம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அந்தப் பத்து நிமிடமே ஓரளவு இறக்கும். வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி, நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று கொண்டுவரலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பி.பி.க்குத் தரும் அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது. கைக்கடிகாரத்தில் தெரியும் எண்ணைப் பார்த்து அவர் வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது.

எதையும் விளக்காமல் "நடங்க" என்று அனுப்புவதில் பெரிய ஆபத்து லோ சுகர். இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டோ, காலை வெறும் வயிற்றில் நடக்கக் கிளம்புபவர்கள் ஏராளம். சர்க்கரை இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும். நடையால் வரும் வியர்வை என்று நினைத்து அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். இவர்கள் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் முதலில் சாப்பிட வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் அது சரியாகும்வரை நடையே கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். படபடப்பு வந்தால் உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி அளவுக்குச் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தொடையில் இன்சுலின் போட்டு உடனே நடந்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். நடக்கும் நாளில் வயிற்றில் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கால். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு (மென்மையான ரப்பர் அடிப்பகுதி கொண்டது) அணிய வேண்டும், நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். புண் இருந்தால் ஆறும்வரை நடை வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி கைப் பயிற்சி போதும். நடந்தால் நெஞ்சு இறுக்கம், பி.பி. 180/110-க்கு மேல், விழித்திரையில் அண்மையில் ரத்தக்கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் சிகிச்சை, பிறகுதான் பயிற்சி.

நடையை நிறுத்தியவரிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் வருவது மூட்டு வலி. தேய்மானம் என்று சொல்லி ஓய்வெடுக்கச் சொன்னால் தொடைத்தசை இன்னும் மெலியும், வலி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். மூச்சை அடக்கக் கூடாது. சில வாரங்களில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிந்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று அறியலாம்.

2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது நல்ல முயற்சி. ஆனால் மூட்டு வலியுள்ள அறுபது வயதுக்காரருக்கு 8 கிலோமீட்டர் தொடக்க அளவு ஆகாது. அவருக்கு வாசலிலிருந்து ரேஷன் கடை வரை என்று யாராவது அளந்து சொல்ல வேண்டும். அதற்கு ஏற்ற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு தருகிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் அதில் இருக்கிறார்கள். வீட்டிலேயே மாத்திரை கிடைப்பவரிடம் நடையைப் பற்றிக் கேட்கத் தன்னார்வலரை விட்டால் வேறு ஆள் இல்லை. பி.பி., சர்க்கரை அளவு எழுதும் ஏட்டில் 'வாரத்துக்கு எத்தனை நிமிடம்' என்று ஒரு கட்டம் சேர்த்து, 150-க்குக் கீழ் இருப்பவர்களின் பட்டியலை மாதந்தோறும் இயன்முறை மருத்துவரிடம் கொடுக்க மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும்.

– இயன்முறை மருத்துவர் ஒருவர், திண்டுக்கல்