கோடை உழவுக்கு முன் மண் பரிசோதனை: உறுப்பினர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நெல் அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் இப்போதே மண் மாதிரி எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மண் பரிசோதனை முடிவையும் உரப் பரிந்துரையையும் தரும் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கிய 2015ஐ ஒட்டி வாங்கிய அட்டையை நம்பி இன்றும் உரமிடுவதில் பயனில்லை.

வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலின் பல இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீராக மண்ணைச் சுரண்டியெடுத்து, ஒன்றாகக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுக்கவும். ஒரே மூலையில் அள்ளிய மண் அந்த மூலையைப் பற்றி மட்டுமே சொல்லும்.

பரிசோதனை முடிவில் அங்ககக் கரிமம் (மக்கிய தாவர, விலங்குப் பொருள்களிலிருந்து மண்ணில் சேரும் கார்பன்) 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள்; யூரியாவைக் கூட்டுவது அதற்கு மருந்தாகாது. கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிர் விதையை விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், வேர்முடிச்சுப் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து ஈர்த்த தழைச்சத்தும் பசுந்தழையும் மண்ணில் சேரும். உவர் தட்டிய நிலத்திலும் இது வளரும்.

வைக்கோலையும் வயலில் நிற்கும் நெல் தாளையும் தயவுசெய்து எரிக்க வேண்டாம். விதை தேவைப்படுவோர் ஏக்கர் அளவைக் குழுவில் பதிவிடவும்.