ஆமை புகுந்த வீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிட்னியில் டூங்காபி பகுதியில் ஓடையை ஒட்டி எங்கள் வீடு. போன நவம்பரில் இரண்டு நாள் மழை விட்ட காலையில், துணிக்கொடிக்குக் கீழே ஓர் ஆமை நின்றது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார், "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்மா" என்று பதறிவிட்டார். என் கணவர் அதை வாளியில் போட்டு ஆற்றில் விடக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன்.

கிழக்கு ஆஸ்திரேலியாவின் நீள்கழுத்து ஆமை அது. ஓடு 25 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியது. கழுத்தோ அந்த ஓட்டில் பாதிக்கு மேல் நீளம்! கிட்டே போனதும் நம் ஊர்க் குளத்து ஆமை மாதிரி தலையை நேராக உள்ளே இழுக்கவில்லை. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்கு அடியில் செருகிக்கொண்டது. ஒரு கண் மட்டும் எங்களையே பார்த்தது. தண்ணீருக்குள் இதே கழுத்தைச் சட்டென்று நீட்டி வாயைத் திறந்தால், தலைப்பிரட்டையும் சின்ன மீனும் தண்ணீரோடு உள்ளே போய்விடும்.

நாங்கள் விலகி நின்றோம். அது பின்னங்கால்களால் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்கியது. அப்புறம் ஓடைப் பக்கம் நடந்துவிட்டது. இங்கே ஐரோப்பியர் கொண்டுவந்த நரிகள் முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். அதனால் அந்த இடத்தில் வலை விரித்துக் கல் வைத்தேன். குஞ்சு வெளியே வர விளிம்பில் இடைவெளியும் விட்டேன். ஊர் திரும்பிய மாமியார் போனில் முதலில் கேட்டதே முட்டையைப் பற்றித்தான். மார்ச்சில் ஒரு குஞ்சு என் கட்டைவிரல் அளவில் வெளியே வந்தது. வயிற்றில் ஆரஞ்சுப் புள்ளிகள்.

ஒரு பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வர பத்து வருடமாவது ஆகும். அது காரில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இங்குள்ள தமிழ் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சாலையில் ஆமையைக் கண்டால், பாதுகாப்பாக வண்டியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். இரு கைகளாலும் ஓட்டைப் பிடித்துத் தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ஓரமாக விடுங்கள். நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வேறு குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆசைக்காக வீட்டிலும் வைத்துக்கொள்ளாதீர்கள், நியூ சவுத் வேல்ஸில் அதற்கு லைசென்ஸ் வேண்டும். கண்ட இடத்தை 'டர்டில்சாட்' தளத்தில் பதிந்தால், எந்தச் சாலைகளில் அதிகம் அடிபடுகின்றன என்று ஆய்வாளர்களுக்குத் தெரியவரும்.

ஒரு வாசகி,
டூங்காபி, சிட்னி