படத்தில் உள்ள சிப்பாய்க்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரைகளில், நியூ கினியாவின் புனா அருகே 1942 கிறிஸ்துமஸ் நாளன்று ஜார்ஜ் சில்க் எடுத்த படம் அடிக்கடி இடம்பெறுகிறது. கண்களை மறைத்துக் கட்டுப் போடப்பட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய் கோலூன்றி நடக்க, பப்புவாவைச் சேர்ந்த ரஃபேல் ஒயிம்பாரி அவரைப் புல்வெளிப் பாதையில் கைத்தாங்கலாக அழைத்துச் செல்கிறார். அந்தச் சிப்பாய், சாதாரணக் காலாட்படை வீரரான ஜார்ஜ் விட்டிங்டன். காயத்துக்குத் தப்பிய அவரை, 1943 பிப்ரவரியில், சிற்றுண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கொன்றுவிட்டது. அப்போர்முனையில் குண்டடிபட்டவர்களைவிட நோயில் விழுந்தவர்களே அதிகம் என்பதால், இது அவர் ஒருவரின் கதை மட்டுமன்று. படத்தை வெளியிடுவோர் இருவரின் பெயர்களையும் விட்டிங்டனின் முடிவையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி