தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்: நம் கரையோர மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரை முழுக்க மெடிக்கல் வைத்திருக்கிற அண்ணன்மார், பாய்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

வருஷக்கணக்காகத் தூக்க மாத்திரை வாங்குகிற ஒருத்தர் உங்கள் கடை முன்னால் வந்து நின்றால், பழக்கத்துக்கு இன்னும் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அதே மாதிரி "இனிமே இது கிடையாது" என்று ஒரே வார்த்தையில் வெறுங்கையோடும் அனுப்பாதீர்கள். இரண்டாவது எவ்வளவு ஆபத்து என்று இங்கே யாரும் பேசுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா கருவாட்டு வியாபாரி. அப்பா போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன சமயத்தில் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்தே இருந்தார் என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அல்பிரசோலம் என்கிற தூக்க மாத்திரை, அரை மில்லிகிராம், பத்து நாளைக்கு என்று எழுதினார். அப்பா திரும்பி வந்துவிட்டார், மாத்திரை போகவில்லை. அந்தப் பத்து நாள் சீட்டு கசங்கி எழுத்தே அழிந்த பிறகும் கடையில் கத்திரிக்கோலால் வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வெட்டின துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்கும், காலாவதி தேதி இருக்காது. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கிறதே என்பீர்கள், அது இங்கிலீஷில் இருக்கிறது, அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று நோட்டே இல்லாமல் மனசிலேயே வைத்திருந்தவர் அம்மா. கொஞ்சம் கொஞ்சமாக அது தப்ப ஆரம்பித்தது. பரமக்குடி வியாபாரி முந்தின நாள் நெத்திலிக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், மறுநாள் அவருக்கே போன் போட்டு "எப்ப தர்றீங்க" என்று கேட்பார். ஆனால் என் அக்கா கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று கேட்டால் அப்படியே ஒப்பிப்பார். வயசாகிவிட்டது, மறதி நோய் என்று ஊரே முடிவு கட்டியது. ஆனால் இந்த மாத்திரைகளின் தன்மையே அதுதான். பழைய நினைவு பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும், புதிதாகக் கேட்பதும் பார்ப்பதும் மனசில் பதியாது. வயசானவர்களுக்கு இதோடு தடுமாற்றமும் சேரும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடையும் ஆபத்து இதனால் கூடும்.

அப்புறம் ஒரு நாள் மருந்துக்கடைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சொல்லிக் கடையில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். மறுநாளே கை நடுக்கம், உடம்பெல்லாம் வேர்வை. வாழ்நாள் முழுக்கக் கேட்ட படகு இஞ்சின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதார், தோலுக்குள் எறும்பு ஊருகிறது என்று சொறிந்து ரத்தம் வரவைத்தார். அதுக்கு அடுத்து வலிப்பு. காத்துக் கருப்பு என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருக்க, நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது மாத்திரையை நிறுத்தினீங்களா?"

மூளையின் பரபரப்பை அடக்கிவைக்க காபா என்று ஒரு ரசாயனம் நம் உடம்பிலேயே இருக்கிறது. இந்த மாத்திரை அதன் பலத்தைக் கூட்டுகிறது. மாசக்கணக்கில் கூட்டிக்கொண்டே போனால் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலைமையில் மாத்திரையைப் பிடுங்கினால் அடக்க ஆள் இல்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். அல்பிரசோலம் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடுகிற மருந்து, அதனால் அடி சீக்கிரமே விழும். அம்மாவுக்கு அதை உடம்பில் நெடுநேரம் நிற்கிற டயசிபாமுக்கு மாற்றி, சில வாரத்துக்கு ஒருமுறை துளித்துளியாகக் குறைத்தார்கள். 2025-ல் அமெரிக்காவில் வந்த வழிகாட்டுதலும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்றுதான் குறைக்கச் சொல்கிறது. பொறுமை வேண்டும், நடுவில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். ஆனால் அம்மாவுக்குக் கணக்கு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முழுசாக இல்லை, வியாபாரத்துக்குப் போதும்.

2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் என்கிற இந்த வகை மாத்திரைகள் எல்லாம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்-1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதினாலே யார் மாசாமாசம் வருகிறார் என்று தெரிந்துவிடும். பழி எல்லாம் உங்கள் மேல் போடவும் இல்லை, எப்போது நிறுத்த வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் எழுதிக் கொடுக்கிற டாக்டர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆனால் அவர்களைப் பார்ப்பதைவிட ஜனங்கள் உங்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். கனடாவில் மருந்துக்கடைகள் மூலமாக ஆள் சேர்த்து, இந்த மாத்திரை சாப்பிடுகிற வயசானவர்களுக்கு விளக்கமாக ஒரு சிறு புத்தகம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் 6 மாதத்தில் 27 சதவீதம் பேர் மாத்திரையை விட்டிருந்தார்கள், புத்தகம் கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான்.

நம் பக்கம் இன்னொரு சங்கடம் உண்டு. ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகிய பிறகு, மனசு சம்பந்தப்பட்ட வைத்தியம் என்றாலே குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. மனநல டாக்டரிடம் போனால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்துதான் உங்களிடம் வருகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிற ஆண்களையும் கவனியுங்கள். ராத்திரி கடலில் விழித்தே பழகின உடம்பு, ஏப்ரல் 15 முதல் 61 நாள் கரையில் தூங்கச் சொன்னால் தூங்காது. மாத்திரையும் போட்டுச் சாராயமும் குடித்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும் என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள்.

சீட்டு இல்லாமல் முதல் மாத்திரையே யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பழகிவிட்டவர்களிடம், தானாக நிறுத்தக்கூடாது, இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிக் குறைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எவ்வளவு காலம் என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள், அது இருந்தால் அங்கே இருக்கிற டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நேரில் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு அரசின் மனநல உதவி போன் டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம், அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பெரிசாக எழுதி ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் கருவாட்டு வியாபாரி ஒருவரின் மகள்