டாட் ஆர்க் விற்பனை நின்றது, விலை வரம்பு இன்னும் திரும்பவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், சிறிய அமைப்புகள் இணையதளம் தொடங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. எங்கள் வாசகசாலையில் நாலைந்து பேர் படித்துவிட்டு என்னிடம் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, ஒருமுறை வாங்கிவிட்டால் அது உங்கள் சொத்து என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அது தவறு. சின்னத் தவறுதானே என்று விட மனம் வரவில்லை, ஏனென்றால் இப்படி நம்பிக்கொண்டிருக்கும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நம் பக்கம் ஏராளம். கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொமைனை யாரும் வாங்குவதில்லை. வருடக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம், ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்கு. நாம் பணம் கட்டுகிற கம்பெனி ரிஜிஸ்ட்ரார். அவர்களுக்கு மேலே ரிஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது. டாட் காமுக்கு ஒன்று, டாட் ஆர்க்குக்கு ஒன்று என்று பெயரின் கடைசியில் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு ரிஜிஸ்ட்ரிதான், அந்த முடிவில் உள்ள எல்லாப் பெயர்களின் பேரேடும் அவர்கள் கையில். ரிஜிஸ்ட்ரார் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வேறொருவரிடம் போகலாம். ரிஜிஸ்ட்ரி பிடிக்கவில்லை என்றால் பெயரையே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ரிஜிஸ்ட்ரிகளோடு ஒப்பந்தம் போடுவது அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் ஐகேன் என்ற அமைப்பு. அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நம் பாதுகாப்பு. நம் பெயரில் பட்டா எதுவும் கிடையாது.

இது எனக்குப் புரிந்த விதம் வேறு. எங்கள் வாசகசாலையின் டாட் ஆர்க் பெயரை 2009இல் பதிவு செய்தவர் அப்போதைய செயலாளர். அவர் காலமான பிறகும் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில்கள் அவர் மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தன, எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒரு நாள் தளம் திறக்கவில்லை. தவணை முடிந்து, ரிடெம்ப்ஷன் என்கிற கடைசி 30 நாள் கெடுவுக்குள் போயிருந்தது. வழக்கமாகக் கட்டுவதைப் போல ஏழெட்டு மடங்கு கட்டித்தான் மீட்டோம். தவறு முழுக்க எங்களுடையது. ஆனால் அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. காரணம், அந்த முகவரி வாசலில் உள்ள தகரப் பலகையில் பெயின்டில் எழுதியிருக்கிறது. வெயிலில் வெளுத்துப்போய், 'ஆர்க்' என்கிற எழுத்துகள் மட்டும் மரநிழலில் இருந்ததால் கருப்பாகவே நிற்கின்றன. ஆண்டுவிழா மலரின் பின்னட்டையிலும் அதே முகவரிதான். நாங்கள் ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய சிற்றிதழ்களை ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளில் அந்த முகவரியோடுதான் குறித்திருக்கிறார்கள். பெயர் போனால் இத்தனையும் போகும்.

அதை மனதில் வைத்துக்கொண்டு 2019இல் நடந்ததைப் பாருங்கள். டாட் ஆர்க் முன்பு வெரிசைன் என்ற வணிக நிறுவனத்திடம் இருந்தது. லாப நோக்கமில்லாத கையில் இருக்கட்டும் என்று 2002இல் அதை இன்டர்நெட் சொசைட்டிக்குக் கொடுக்க ஐகேன் முடிவு செய்தது. இணையத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்களான வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1992இல் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் பப்ளிக் இன்டரெஸ்ட் ரிஜிஸ்ட்ரி என்று ஒன்றை ஏற்படுத்தி, 2003 ஜனவரி முதல் டாட் ஆர்க்கை நடத்தினார்கள். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் வரம்பும் இருந்தது. சரி, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

2019இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அந்த விலை வரம்பை எடுத்துவிடலாம் என்று ஐகேன் முன்மொழிந்து கருத்துக் கேட்டது. 3,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, பெரும்பாலானவை வேண்டாம் என்றே சொன்னவை. அதையும் மீறி ஜூன் 30ஆம் தேதி வரம்பு இல்லாத புது ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்புறம் ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 13 அன்று இன்டர்நெட் சொசைட்டியின் அறிவிப்பு வந்தது: பப்ளிக் இன்டரெஸ்ட் ரிஜிஸ்ட்ரியை ஈதாஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கிறோம் என்று. விலை 113.5 கோடி டாலர். ஈதாஸ் அந்த ஆண்டில்தான் தொடங்கப்பட்ட நிறுவனம். அதற்கு ஆலோசகராக இருந்தவர் ஃபாடி செஹாடே, ஐகேனின் முன்னாள் தலைமை நிர்வாகி.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெயர்களின் பேரேடு, அதைப் பயன்படுத்துகிற ஒருவரையும் கேட்காமல், விலைபேசி முடிக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கம், விக்கிப்பீடியா மாதிரி பெரியவர்களும் அதில் உண்டு. நம் தமிழ் விக்கிப்பீடியா, மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம் எல்லாம் டாட் ஆர்க் முகவரியில்தான் இருக்கின்றன. இணையத்தில் தமிழின் பெரிய சேமிப்புகளில் கணிசமான பங்கு அந்த ஒரே பேரேட்டை நம்பி இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்தோம்?

விற்பனைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதங்களையும் நான் படித்தேன். விலை ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவிப்பு வரும், பழைய விலையிலேயே 10 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாமே என்றார்கள். பத்து வருடப் பணத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க எந்தச் சின்ன சங்கத்தால் முடியும்? எங்கள் சந்தா வருமானமே மாதாமாதம் வீடுவீடாகப் போய் வாங்குவது. ஐகேன் சொன்னது இன்னொன்று: இப்போது டாட் ஆர்க் மாதிரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் வந்துவிட்டன, போட்டி இருக்கிறது, அதனால் விலை வரம்பு தேவையில்லை என்று. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டுமானால் அது சரி. பலகையில் எழுதிவிட்டவருக்கு அது எப்படிப் பொருந்தும்? கடைத்தெருவில் நூறு காலிக் கடை இருக்கிறது என்பது, இருபது வருடமாக ஒரே கடையில் உட்கார்ந்திருப்பவரின் வாடகையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுவதற்குக் காரணமாக முடியாது.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஐகேனின் முதல் தலைவராக இருந்த எஸ்தர் டைசனும் இன்னும் சிலரும், டாட் ஆர்க் பயனாளர்களே நடத்தும் கூட்டுறவு அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து மாற்றாக முன்வைத்தார்கள். 2020 ஜனவரியில் ஐகேன் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஐகேன் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு என்பதால் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் ஸேவியர் பெசெராவுக்குக் கேள்வி கேட்கும் அதிகாரம் இருந்தது. விற்பனையை அனுமதிக்காதீர்கள் என்று ஏப்ரல் 15 அன்று அவர் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று விற்பனைக்கு அனுமதி தர ஐகேன் மறுத்துவிட்டது. வாங்குவதற்கான தொகையில் 36 கோடி டாலர் கடன், அந்தக் கடனைக் கட்டும் சுமை கடைசியில் ரிஜிஸ்ட்ரியின் தலையில்தான் விழும் என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று.

இதோடு கதை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. விற்பனைதான் நின்றது, விலை வரம்பு திரும்ப வரவேயில்லை. வரம்பை எடுத்ததை எதிர்த்து நேம்சீப் என்ற ரிஜிஸ்ட்ரார் தொடுத்த முறையீட்டில், அந்த முடிவை எடுத்த விதத்தில் ஐகேன் தன் சொந்த விதிகளையே மீறியது என்று 2022 இறுதியில் நடுவர் குழு சொன்னது. அதற்குப் பிறகும் 2019இல் போட்ட ஒப்பந்தம் வரம்பில்லாமல்தான் இருக்கிறது, 2029 ஜூன் வரை. இன்று நடத்துகிறவர்கள் நல்லவர்கள் என்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை, அவ்வளவுதான். நல்லவர்களாக இருந்த அதே இன்டர்நெட் சொசைட்டிதான் 2019இல் விற்க முன்வந்தது என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

விலை மட்டும்தான் பிரச்சினை என்றும் நினைத்துவிட வேண்டாம். பேரேடு வைத்திருப்பவரால் வேறு என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு டாட் காமில் இரண்டு உதாரணங்கள் உண்டு. 2003 செப்டம்பர் 15 அன்று டாட் காமின் ரிஜிஸ்ட்ரியான வெரிசைன் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை யாரும் பதிவு செய்யாத பெயரைத் தட்டினால், அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில் வரும். அன்றிலிருந்து இல்லாத டாட் காம், டாட் நெட் பெயர்கள் அத்தனைக்கும் 64.94.110.11 என்று வெரிசைனின் சொந்த முகவரியையே பதிலாகக் கொடுத்தார்கள். எழுத்துப் பிழையோடு தட்டியவர்கள் எல்லாரும் அவர்களுடைய சைட் ஃபைண்டர் பக்கத்தில் போய் இறங்கினார்கள். முகவரி தப்பிய மெயில்களும் அவர்கள் சர்வரைத்தான் போய்த் தட்டின. அனுப்பியவரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்து ஸ்பாமைத் தடுத்துக்கொண்டிருந்த மெயில் சர்வர்களுக்கு, எந்தப் பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்றே பதில். இல்லாத வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் தபால்காரர் தன் வீட்டுத் திண்ணையில் இறக்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? ஐகேன் கெடு வைத்த பிறகு அக்டோபர் 4 அன்று நிறுத்தினார்கள், ஆனால் அடுத்த ஆண்டே ஐகேன் மேல் வழக்கும் போட்டார்கள்.

இன்னொன்று 2012இல். போடாக் என்ற சூதாட்டத் தளம். பதிவு செய்திருந்தது கனடா ரிஜிஸ்ட்ராரிடம். அமெரிக்காவின் மேரிலாண்டில் இருந்த வழக்கறிஞர்கள் அந்த ரிஜிஸ்ட்ராரிடம் போகவே இல்லை, ரிஜிஸ்ட்ரியான வெரிசைன் அமெரிக்காவில் இருப்பதால் அதற்கே நீதிமன்ற உத்தரவு கொடுத்து பெயரைக் கைப்பற்றினார்கள். சூதாட்டத்துக்காக நான் ஒரு வார்த்தை பரிந்து பேச மாட்டேன். ஆனால் நாம் எந்த ஊரில் இருந்து, எந்த ஊர்க் கம்பெனியிடம் பதிவு செய்திருந்தாலும், பேரேடு இருக்கும் ஊரின் சட்டம்தான் கடைசியில் செல்லும். டாட் ஆர்க்கின் பேரேட்டுக்காரரும் அமெரிக்காவில்தான் இருக்கிறார்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, 'உங்கள் சொத்து' என்ற அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள், கூடவே பெயர் யார் மெயிலில் பதிவாகியிருக்கிறது, எப்போது முடிகிறது என்பதை ஒவ்வொரு அமைப்பும் தன் நிர்வாகக் குழுப் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, 2029க்கான ஒப்பந்தப் பேச்சு வரும்போது ஐகேன் மறுபடியும் கருத்துக் கேட்டால் அதை நம் வாசகர்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒரு பக்கம் போதும். விலை வரம்பைத் திரும்ப எழுதுங்கள், பயனாளர்களைக் கேட்காமல் பேரேட்டைக் கைமாற்றக் கூடாது என்று எழுதுங்கள் என்று எங்கள் வாசகசாலை சார்பில் நான் எழுதப் போகிறேன். கடிதத்தின் நகலை உங்களுக்கும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கிராம வாசகசாலை ஒன்றின் இணையதளப் பொறுப்பாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்