பொருளாதாரத் தடை விதிக்கும் அமெரிக்க அதிகாரிகளுக்கு டர்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

அமெரிக்க நிதித்துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

ஈரான் போன்ற நாடுகள் மீது நீங்கள் விதிக்கும் தடை, அங்குள்ள சாதாரண மக்களின் தொடர்புக் கருவிகளையும் முடக்குவது பற்றி எழுதுகிறேன். தடையே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. 1946-இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது இந்தியா. அதை வேண்டியவர்களில் இங்கு வாழ்ந்த இந்தியரின் அமைப்புகளும் உண்டு. சொந்த ஊர்ச் சரக்கு வராது என்று தெரிந்தேதான் கேட்டார்கள்.

1986-இல் உங்கள் நாடாளுமன்றமும் அதிபர் ரீகனின் மறுப்பை மீறி நிறவெறிக்கு எதிரான தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் கணினி பற்றிய பிரிவை நான் இன்றும் மதிக்கிறேன். காவல்துறை, ராணுவம், சிறைத்துறை, நிறவெறிச் சட்டங்களை நடத்திய அலுவலகங்கள் ஆகியவற்றுக்குக் கணினி விற்கக்கூடாது என்றது அது. குடிமக்களின் கையில் இருந்ததை அந்தப் பிரிவு குறிவைக்கவில்லை.

அந்த வேறுபாட்டின் அருமை டர்பன்காரர்களுக்குத் தெரியும். 1988-இல் நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் மேக் மகராஜும் தோழர்களும் ரகசியமாக நாடு திரும்பி, இந்த நகரத்தை மையமாக்கி, 'வூலா' என்ற தலைமறைவு நடவடிக்கையை நடத்தினார்கள். செய்தியைக் கணினியில் தட்டச்சு செய்து, சங்கேதமாக்கி, மோடம் வழியாக ஒலியாக மாற்றி ஒலிநாடாவில் பதிவார்கள். பிறகு பொதுத் தொலைபேசிக்குப் போய், ஒலிவாங்கியோடு நாடாக் கருவியை அழுத்திப் பிடித்து லண்டனுக்கு ஒலிக்க விடுவார்கள். சிறையிலிருந்த மண்டேலாவும், ஜாம்பியாவின் லுசாக்காவிலிருந்து காங்கிரஸை வழிநடத்திய டாம்போவும் செய்தி பரிமாறிக்கொள்ள உதவியது இதே வலைதான். அத்தனையும் காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய கருவிகள்!

ஈரானியருக்கு அந்த வாய்ப்பை நீங்கள் தாளில் கொடுத்திருக்கிறீர்கள். இலவச மின்னஞ்சல், அரட்டைச் சேவைகளுக்கு 2010-இல் அனுமதித்தீர்கள். கைபேசி, மடிக்கணினிக்கு 2013-இல் வழிவிட்டீர்கள். ஈரானிய ஒழுக்கக் காவல்துறையின் பிடியில் இளம்பெண் மாஸா அமினி இறந்த 2022 செப்டம்பரில் அனுமதியை மேலும் விரித்தீர்கள். சூடானுக்கும் 2015-இல் கருவிகளை அனுமதித்தீர்கள். இவற்றுக்கு நன்றி சொல்லாமல் குறை சொல்வது நியாயமில்லை.

ஆனால் அனுமதி ஊர் போய்ச் சேரவில்லை. அபராதத்துக்கு அஞ்சிய நிறுவனங்களும் வங்கிகளும், எது கூடும் எது கூடாது என்று பார்ப்பதைவிட மொத்தமாகக் கதவைச் சாத்துவதே பாதுகாப்பு என்று முடிவு செய்கின்றன. 2019-இல் ஈரானிய நிரலாளர்களின் கணக்குகளை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் முடக்கியது. உங்கள் உரிமம் கிடைத்ததும் 2021 ஜனவரியில் திறந்துவிட்டது. உங்கள் ஒரு கடிதம் அவ்வளவு வேலை செய்கிறது! வழக்கறிஞர் படை இல்லாத சிறு நிறுவனம் அந்தக் கடிதத்துக்கு எங்கே போகும்?

அரசின் இணையத் தணிக்கையைத் தாண்ட உதவும் நல்ல விபிஎன் சேவைக்குப் பணம் கட்ட ஈரானியரின் வங்கி அட்டை செல்லாது. எனவே ஊர்பேர் தெரியாத இலவசச் செயலியை இறக்கி, தன் கைபேசியையே உளவாளியிடம் கொடுக்கும் ஆபத்தில் ஒரு மாணவி நிற்கிறாள். 2019 நவம்பரில் இணையத்தையே நிறுத்திய ஈரான் அரசுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தனிமனிதத் தொடர்புக் கருவிகளுக்கான அனுமதியை, தடை உள்ள எல்லா நாடுகளுக்கும் ஒரே விதியாக, நிலையாக எழுதிவையுங்கள். இத்தகைய சிறுதொகைகளை ஏற்றால் நடவடிக்கை இல்லை என்று வங்கிகளுக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனம் கேட்டாலும் காலக்கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். கண்காணிப்புக் கருவி வாங்கும் அமைச்சகங்கள் மீதான தடையை மட்டும் ஓர் இழையும் தளர்த்தாதீர்கள்.

இப்படிக்கு,
டர்பன்வாழ் தமிழர் ஒருவர்