நன்னெறி வகுப்பைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கத்தோலிக்க நடுநிலைப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள், நாங்கள் இந்துக் குடும்பம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது அவர்கள் சமயப் பாடம், நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவே சொல்கிறது, பள்ளியும் அதை மதிக்கிறது, அதில் எங்களுக்குக் குறையே இல்லை.

ஆனால் பரீட்சை நெருங்கினால் போதும், கணக்குப் பாடத்துக்காக முதலில் பறிபோவது இந்த இரண்டு வகுப்பும்தான். கணக்கு வேண்டாம் என்று யார் சொன்னது? கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பக்கத்து பெஞ்சுப் பெண் நெற்றியில் சாம்பலோடு வந்ததைப் பார்த்து என் மகள் எதற்கு என்று கேட்க, டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், நோன்பு, ஏழைகளுக்குக் கொடுப்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார், அன்று இரவு எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். மிட்டாய்க் காசை வகுப்பு உண்டியலில் போட ஆரம்பித்ததும் அதற்கு அப்புறம்தான்.

வாரத்தில் கொஞ்ச நேரம்தானே சார், அதைப் பரீட்சை மாதத்திலும் பள்ளி நிர்வாகங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய், கிருஷ்ணகிரி